பின்சக்கரத்துக் கல்

கூடாரத்தோடு மலையேற ஒரு பழைய பிக்கப் வண்டி தேடினேன். விற்க வந்தவர் ஸ்ரீரங்கத்துக்காரர். நெற்றியில் திருமண், கசங்காத வெள்ளைச் சட்டை. ஓட்டிப் பார்க்கத் துறையூர் தாண்டிப் பச்சைமலைக்குப் போனோம். வண்டி எங்கே நின்றாலும் அவர் இறங்கி, வண்டிக்குள் தன் காலடியில் வைத்திருந்த கருங்கல்லை எடுத்துப் பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுப்பார்.

“ஹேண்ட்பிரேக் பிடிக்காதுங்களா?”

“நல்லாவே பிடிக்கும். இது பழக்கம்ங்க.”

இறக்கத்து வளைவில் பிரேக்கை மிதித்தேன். பெடல் பாதி இறங்கிய பிறகுதான் பிடித்தது. அவரைப் பார்த்தேன். கல் மடியில் இருந்தது. ஒரு கை கதவைப் பிடித்திருந்தது.

இருந்தும் வண்டி பிடித்துப்போய் வாங்கினேன். சாவியைத் தந்தவர், “கல்லையும் வச்சுக்குங்க” என்றார்.

பிரேக்கை முழுதாக மாற்றிவிட்டேன். பழக்கம் என்று அவர் சொன்னது பொய்யா என்று இன்றும் தெரியவில்லை. கல்லை மட்டும் வண்டியிலிருந்து இறக்கவில்லை.