தகப்பன் பெயர் என்ற கட்டம்

மாவட்ட அலுவலகமான கச்சேரி வாசலில் எனக்கு ஒரு மேசையும் இரண்டு கதிரையும் உண்டு. அடையாள அட்டை, ஓய்வூதியம், காணி என்று சனத்தின் விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுப்பது என் தொழில். ஒரு கட்டத்தையும் வெறுமையாக விடக்கூடாது, விட்டால் விண்ணப்பம் திரும்பி வரும். வருகிறவர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லியே எனக்கு வாய் நோகும். கடதாசியில் என் மகளை நான் இழந்ததும் இந்தப் பழக்கத்தால்தான்.

என் மனைவிக்கு நான் இரண்டாவது. முதல் கணவர் தம்பலகாமத்து வயற்காரர். பதிவாளர் முன் கலியாண எழுத்து எழுதி ஒரு வருடத்துக்குள் இருவரும் பிரிந்துவிட்டார்கள். விவாகரத்துக்கு யாரும் மெனக்கெடவில்லை. நாங்கள் சல்லி அம்மன் கோயிலில் தாலி கட்டிக்கொண்டோம். ஊருக்கு அது போதுமாக இருந்தது.

பிள்ளை பிறந்ததும் ஆஸ்பத்திரியில் பதிவாளர் அம்மா விவாகப் பத்திரம் கேட்டார். என் மனைவியிடம் இருந்தது அந்தப் பழையது மட்டுந்தான்.

"சட்டப்படி இவர்தானே இவவின்ர புருஷன்? உங்கட பேரைப் போட ஏலாது. இவரின்ர பேரைப் போடலாம். இல்லாட்டி தகப்பன்ர இடத்தில ஒரு கோடு இழுத்துவிடலாம்."

"கோடே இழுக்கச் சொல்லுங்கோ," என்றாள் என் மனைவி. "பிறகு பாப்பம்."

எனக்கு வந்ததே கோபம். என் பிள்ளைக்குக் கோடா? தகப்பன் பெயர் தெரியாதவள் என்று நாளைக்கு எவனாவது சொல்லவா?

"கோடு வேண்டாம். அந்தப் பேரையே போடுங்கோ."

"யோசிச்சுத்தான் சொல்லுறியளோ?"

"ஓம்."

ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிற மடையன் நான். அந்தக் கட்டம் நிரம்பியதும் மனம் ஆறிப்போயிற்று.

பிள்ளைக்கு நாலு வயதில் மனைவி காய்ச்சலில் போய்விட்டாள். அடுத்த வருடம் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனேன். அதிபர் பிறப்புச் சான்றிதழைப் பார்த்துவிட்டு, தகப்பனைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்.

"நான்தான் சேர் தகப்பன்."

அவர் சான்றிதழை என் பக்கம் திருப்பி வைத்தார். மகள் என் விரலைப் பிடித்தபடி நின்றாள். அவளுக்குக் கேட்டிருக்கக்கூடாது என்று மட்டும் வேண்டிக்கொண்டேன்.

சட்டத்தரணியிடம் ஓடினேன். "கலியாணம் முறியாம இருக்கேக்க பிறந்த பிள்ளை புருஷன்ர பிள்ளைதான்," என்றார். "அவையள் சந்திக்கவே வழியில்லை எண்டு காட்டோணும். தம்பலகாமத்தில இருந்து பஸ் ஏறினா வந்திடலாமே எண்டு கேப்பினம். வழக்கு வருஷக்கணக்கா இழுபடும். இப்ப பிள்ளை படிக்கோணுமெண்டா அந்த ஆளிட்ட ஒரு சத்தியக் கடதாசி வாங்குங்கோ."

நான் தம்பலகாமத்துக்குப் போய்ச் சொன்னபோதுதான் அந்த மனிதருக்கு இதெல்லாம் தெரியும். வயல் வரம்பில் நின்று கத்தினார்.

"நான் கண்ணாலயும் காணாத பிள்ளை! என்னைக் கேக்காம எப்பிடி என்ர பேரை எழுதுவியள்? என்ர மனுசி அறிஞ்சா என்ன நடக்கும் தெரியுமோ?"

அவர் கேட்டது நியாயம். பள்ளிக்கூடத்துக்கு ஒரு சத்தியக் கடதாசி தந்தால் போதும் என்றேன். இந்தக் கதை தன் வீட்டுக்குப் போகக்கூடாது என்ற பயத்திலேயே அவர் கையெழுத்து வைக்கச் சம்மதித்தார்.

கடதாசியை நானே எழுதினேன். சத்தியத்தை உறுதிப்படுத்தும் சமாதான நீதவானின் வீட்டில் வயற்காரர் அதை எழுத்துக்கூட்டி வாசித்தார். ‘எனது மகளை இவரது பராமரிப்பில் விட எனக்கு ஆட்சேபனை இல்லை.’ சேறு காய்ந்த விரலை அந்த வரியில் வைத்து என்னைப் பார்த்தார்.

"எனது மகள் எண்டு கிடக்கு. இப்பிடியே கிடக்கட்டோ?"

வேறு எப்படி எழுதினாலும் திரும்பி வரும். "ஓம்," என்றேன். அவர் கையெழுத்து வைத்தார்.

மறுநாள் பள்ளிக்கூடத்து விண்ணப்பத்தை நிரப்பினேன். பிள்ளையைப் பராமரிப்பவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். அதற்குக் கீழே, பிள்ளைக்கும் அவருக்கும் உள்ள உறவு என்று ஒரு கட்டம் இருந்தது. தகப்பன் என்று எழுதினால் சத்தியக் கடதாசி பொய்யாகிவிடும். மாமா, சித்தப்பா என்று எழுதக் கை வரவில்லை.

அதில் ஒரு கோடு இழுத்தேன்.