குத்தாமல் விட்ட குண்டூசிகள்

போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டர் என்றால் எழுதுகிறவர் என்று நினைப்பீர்கள். எழுதாமல் சமாளிக்கிறவர் என்பது, ரைட்டராக இருந்து ரிஜிஸ்டரோடு மல்லுக்கட்டிய எனக்குத்தான் தெரியும்.

மேப் வந்தது

இரண்டாயிரத்து ஆறு வாக்கில், கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு ஸ்டேஷன். புதிதாக வந்த இன்ஸ்பெக்டர் சுவரில் பெரிய மேப் மாட்டினார். விபத்துக் கேஸ் பதிவானால் அந்த இடத்தில் சிவப்புக் குண்டூசி. ஊசி அதிகமான இடத்துக்கு பேரிகார்டும் விளக்கும். மாதாமாதம் கடைக்காரர்களையும் ஆட்டோக்காரர்களையும் கூப்பிட்டுப் பேசுவார். கம்பெனித் திருப்பத்தில் டீக்கடை வைத்திருந்த சுலைமான் பாய் ஒரு கூட்டத்தையும் விட்டதில்லை.

"எங்க திருப்பத்துல ஒரு பேரிகார்டு வெச்சுக் குடுங்க சார், ஷிப்ட் வுட்டா ஜனம் உசுரைக் கையில புடிச்சிக்கினு ரோட்டைத் தாண்டுது."

சமாதானம்

அதே திருப்பத்தில் சைக்கிளில் போன தொழிலாளியை லாரி இடித்து, கால் முறிந்தது. கேஸ் போட்டால் எனக்கு ஒரு வாரம் எழுத்து வேலை. வைத்தியத்தை லாரிக்காரர் பார்த்துக்கொள்வார் என்று பேசி, 'புகார் இல்லை' என எழுதி வாங்கினேன். கேஸ் இல்லை, ஊசியும் இல்லை. இப்படி எத்தனையோ. வெட்கமாகத்தான் இருக்கிறது. அன்று அந்தத் தொழிலாளி என்னைக் கும்பிட்டார்.

"கோர்ட்டுக்கு அலைஞ்சா கம்பெனில வேற ஆளைப் போட்டுடுவான் சார், நல்ல வேளை நீங்க இருந்தீங்க."

காலண்டர் தாள்கள்

அடுத்த கூட்டத்தில் பாய் நாள்காட்டித் தாள்களை மேஜையில் பரப்பினார். கடைக்கு எதிரே யாராவது அடிபட்டால் அன்றைய தாளைக் கிழித்து, பின்பக்கம் குறித்து வைப்பாராம். பதினொன்று இருந்தன. மேப்பில் அங்கே ஒரே ஊசி. இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். "சின்னச் சின்ன உரசல் ஐயா" என்றேன். பேரிகார்டு வேறு இடத்துக்குப் போனது. அந்தப் பதினொன்றில் பாதிக்கு நான் சமாதானம் பேசியது பாய்க்குத் தெரியும். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை.

"பரவால்ல சார், அடுத்த மாசம் பாத்துக்கலாம்."

அடுத்த மாசம்

கூட்டத்துக்கு நான்கு நாள் முன்பு, பாய்க்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டிய அவர் மனைவியை வேன் அடித்துவிட்டது. ஆஸ்பத்திரி போவதற்குள் உயிர் போய்விட்டது. பிணவறை வாசலில் புகார் எழுதி வாங்கப் போனேன். பாய் கையெழுத்துப் போட்டு, பேனாவைத் திருப்பிக் கொடுத்தார்.

"இந்தத் தபா சமாதானம் பேசிடாதீங்க சார், ஊசியைக் குத்திடுங்க."

பத்தே நாளில் திருப்பத்துக்கு பேரிகார்டு வந்தது. என் சர்வீஸில் நான் எழுதி உடனே பலன் கிடைத்த கேஸ் அது ஒன்றுதான்.