காலுக்கடியில் கிடந்த காகிதம்

சபையாருக்கு என் வணக்கம். என் சாட்சியை நீங்கள் பலமுறை கேட்டிருக்கிறீர்கள். "பத்தாவது பாஸான கதைதானே" என்று முன்வரிசையில் சிரிப்பது எனக்கும் தெரிகிறது. இருந்தாலும் இன்றைக்கு ஒருதரம் பொறுமையாகக் கேளுங்கள். இதுவரை நான் அதை முழுதாகச் சொன்னதில்லை.

1990இல் என் வீட்டுக்காரர் தவறிப்போனார். அரசாங்க ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தவர். இரண்டே நாள் காய்ச்சல்தான். எனக்கு இருபத்தொன்பது வயது, கையில் இரண்டு பெண் பிள்ளைகள். பந்தல்குடியில் தம்பி சாமுவேல் வீட்டில் ஒரு அறையில் ஒண்டிக்கொண்டு, பருத்தி எடுக்கப் போனேன். அவருடைய வேலைக்குப் பதிலாக எனக்கு ஆபீஸ் வேலை தருவதாகச் சொன்னார்கள். அதற்குப் பத்தாவது பாஸாகியிருக்க வேண்டும். நான் இங்கிலீஷில் மட்டும் ஃபெயில். "மூணு வருசத்துக்குள்ள சர்டிபிகேட்ட கொண்டு வாங்கம்மா. அதுக்கப்புறம் எங்க கையில ஒண்ணுமில்ல" என்றார் ஆபீஸ் கிளார்க்.

இரண்டு தடவை எழுதினேன். இரண்டு தடவையும் அதே இங்கிலீஷ், அதே ஃபெயில். 1992 அக்டோபர் பரீட்சைதான் கடைசி. அதை விட்டால் அடுத்த பரீட்சை முடிவு வருவதற்குள் கெடு தாண்டிவிடும்.

சனிக்கிழமைதோறும் அருப்புக்கோட்டை டுடோரியலுக்கு பஸ் ஏறினேன். அங்கே மாஸ்டர் ஒருவர், கோபக்காரர். 'போல' வந்தால் சிமிலி, 'போல' இல்லாமலே ஒன்றை இன்னொன்றாகச் சொன்னால் மெட்டஃபர் என்று பலகையில் எழுதிப்போடுவார். வாராவாரம் பத்து வார்த்தை அர்த்தத்தோடு ஒப்பிக்க வேண்டும். பிறகு குறிப்புகளைக் கொடுத்துக் கதை எழுதச் சொல்வார். எங்கே, யார், என்ன கஷ்டம், எப்படித் தீர்ந்தது என்று வரிசையாகக் கேட்பார். கிளைமாக்ஸ் என்றார் ஒருநாள். நான் சினிமாவே பார்க்காதவள். கடைசிச் சண்டைக்குப் பெயர் என்றுதான் நினைத்திருந்தேன்.

"சண்டையெல்லாம் இல்லம்மா. கதை எந்த இடத்துல திரும்புதோ அதான் கிளைமாக்ஸ். அத விட்டுட்டு எழுதுனா அது கதையில்ல, வெறும் சேதி" என்றார்.

எனக்கு அதெல்லாம் மண்டையில் ஏறவில்லை. நோட்ஸில் இருந்த ஏழு கதைகளை அப்படியே நெட்டுரு போட்டேன். இங்கிலீஷ் நாக்கில் நிற்காததால் ஒவ்வொன்றையும் ஒரு கீர்த்தனை ராகத்தில் பாடிப் படித்தேன். பருத்திக்காட்டில் "ஒன்ஸ் அப்பான் எ டைம்" என்று நான் இழுத்துப் பாடினால், பக்கத்தில் எடுப்பவர்கள் ஏதோ புதுப்பாட்டு என்று கூடவே முணுமுணுப்பார்கள். மூன்று நாள் உபவாசம் இருந்து ஒரே ஜெபம் செய்தேன். ஆண்டவரே, இந்த ஏழில் ஒன்று வரட்டும். எனக்கு வேறு எதுவும் கேட்கத் தெரியவில்லை.

பரீட்சையன்று வாசல்வரை தம்பி வந்தான். "அக்கா, ஜன்னலோரமா எடம் கெடச்சா நல்லது. நான் இங்கனதான் நிப்பேன், பயப்படாத" என்றான். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். என் நம்பர் ஜன்னலோரத்திலேயே இருந்தது.

கேள்வித்தாளைத் திருப்பினேன். ஏழில் ஒன்றுகூட இல்லை. ஏழைப் பெண், பஸ், சீட்டுக்கு அடியில் ஒரு பை, ஆசை, திருப்பிக் கொடுத்தல் என்று குறிப்புகள் மட்டும் கிடந்தன. சின்னச் சின்ன கேள்விகளை எப்படியோ எழுதினேன். கதைக்கு வந்ததும் ராகம்தான் வந்தது, வார்த்தை வரவில்லை. என் பிள்ளைகள் இரண்டும் கண்முன் வந்து நின்றன. ஆண்டவரே, என்னை இப்படிக் கைவிட்டுவிட்டீரே என்று மனதுக்குள் கத்தினேன்.

அப்போது ஜன்னல் வழியாக ஒரு காகிதச் சுருள் வந்து என் பெஞ்சுக்கடியில் விழுந்தது. கேள்வி வெளியே போய், யாரோ விடை எழுதி, தம்பி எறிந்திருக்கிறான். அந்தக் காலத்தில் அது எல்லாருக்கும் தெரிந்த சங்கதிதான்.

இனி சொல்வதைத்தான் நான் இதுவரை உங்களிடம் மறைத்தேன். "ஆண்டவரே ஸ்தோத்திரம்" என்று சொல்லி அந்தக் காகிதத்தின் மேல் காலை வைத்தேன். ஜெபத்துக்குப் பதில் வந்துவிட்டது என்றே நம்பினேன். செருப்பை வெளியே விட்டிருந்தேன். காகிதம் உள்ளங்காலில் குத்தியது. மெதுவாக என் பக்கம் இழுத்தேன்.

அடுத்த அறைக்குப் பறக்கும் படை வந்துவிட்டது. பெஞ்சுகளை இழுக்கும் சத்தம் கேட்டது. ஒரு பெண் அழுதாள். "எந்திரி, வெளிய போ" என்று யாரோ அதட்டினார்கள். அகப்பட்டால் மூன்று வருடம் பரீட்சையே எழுத முடியாது. வேலை போச்சு, மானமும் போச்சு. குனிந்து எடுக்கவும் முடியாது, காலைத் தூக்கவும் பயம்.

அந்த நிலையில்தான் முதல்தடவையாக வேறு ஜெபம் செய்தேன். ஆண்டவரே, கேள்வியும் வேண்டாம், பாஸும் வேண்டாம், இந்தக் காலை எடுக்க மட்டும் பலம் தாரும். அவ்வளவுதான். எழுந்து நின்றுவிட்டேன்.

"சார், எங்காலுக்கடியில ஒரு காயிதம் கெடக்கு" என்றேன்.

கண்காணிப்பாளருக்கு முகம் வெளுத்துவிட்டது. வேகமாக வந்து குனிந்து எடுத்தார். கசக்கி, வந்த ஜன்னல் வழியாகவே வெளியே எறிந்தார். "உக்காந்து எழுதுங்கம்மா" என்றார். அவர் மேசைக்குத் திரும்புவதற்குள் படை உள்ளே நுழைந்தது. ஒரு அம்மா என் பெஞ்சு, புடவைத் தலைப்பு எல்லாம் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. கேள்வித்தாளை மறுபடி பார்த்தேன். சீட்டுக்கு அடியில் பை, ஆசை. அடேயப்பா, இந்தப் பெண்ணை எனக்குத் தெரியுமே! இவள் நான்தானே! எங்கே, யார், என்ன கஷ்டம் என்று மாஸ்டர் கேட்டதெல்லாம் வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபத்தில் நாம் சாட்சி சொல்கிற வரிசைதானே! திருச்சுழி பஸ்ஸில் அவளை ஏற்றினேன். ஷி புட் ஹர் லெக் ஆன் தி பேக் என்று எழுதினேன். ஹர் ஹார்ட் வாஸ் லைக் எ டிரம் என்று எழுதினேன். சிமிலி கூட வந்துவிட்டது! இலக்கணம் எத்தனை இடத்தில் உதைத்ததோ, எனக்குத் தெரியாது. அழுதுகொண்டே எழுதி முடித்தேன்.

வெளியே தம்பி கொதித்துக்கொண்டிருந்தான். "போலீஸ்காரர்ட்ட அடி வாங்கிக்கிட்டு எறிஞ்சேன், அது திரும்பி என் தலையிலயே வந்து விழுது! ஒனக்கெல்லாம் யாருக்கா உதவி செய்வா?" என்றான். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. மார்க் ஷீட் தபாலில் வந்தபோது அவன்தான் முதலில் பிரித்தான். பாஸ் மார்க்குக்கு மேல் ஒன்றே ஒன்று. அதைப் பார்த்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்து குழந்தைபோல அழுதான். ஆறு வருடமாகத் திருச்சுழி ஆபீஸில் வேலை பார்க்கிறேன். பிள்ளைகள் இரண்டும் படிக்கின்றன. எல்லாம் கர்த்தர் கொடுத்தது.

ஆனால் உங்கள் முன்னால் நிற்கும்போதெல்லாம், காகிதம் விழுந்தது, உடனே எழுந்து சொல்லிவிட்டேன் என்றுதான் சொன்னேன். அதன் மேல் காலை வைத்ததை மட்டும் விட்டுவிட்டேன். கேட்கிறவர்களுக்கு நன்றாக இருந்தது, எனக்கும் பெருமையாக இருந்தது.

போன வெள்ளிக்கிழமை எம்.ரெட்டியபட்டியிலிருந்து நம் ஜெபத்துக்கு வரும் ஒரு தங்கச்சி, இரண்டு தடவை இங்கிலீஷில் தவறியவள், என்னைத் தனியே கூப்பிட்டாள். "அக்கா, நான் இனி பரீட்ச எழுதல. போன தடவ பிட்டு எடுத்துட்டேன். ஒங்களுக்கு ஆசையே வரல, அதான் ஆண்டவர் கேட்டாரு. எனக்கு அவர்ட்ட கேக்க மூஞ்சி இல்லக்கா" என்றாள்.

எனக்குச் செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது. கதை திரும்புகிற இடத்தையே நான் வெட்டி எறிந்திருக்கிறேன். மாஸ்டர் சொன்னது சரி, ஏழு வருடமாக நான் சொன்னது வெறும் சேதிதான். என்னை மன்னியுங்கள்.

அன்பானவர்களே, காலை வைத்தவள் கேட்ட ஜெபத்துக்குத்தான் ஆண்டவர் பதில் தந்தார். சுத்தமானவள் என்று பார்த்துத் தரவில்லை. நீங்களும் எதன் மேலாவது காலை வைத்துக்கொண்டு இங்கே உட்கார்ந்திருந்தால், இருக்கிறபடியே அவரிடம் கேளுங்கள்.

தங்கச்சி, நீ கடைசி வரிசையில் இருப்பது தெரிகிறது. தலையைக் குனியாதே. நாளைக்கே பரீட்சைக்குப் பணம் கட்டு. வெள்ளிக்கிழமை ஜெபம் முடிந்ததும் நோட்டை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வா. பாட்டெல்லாம் வேண்டாம். உன் கதையை நீயே எழுத வேண்டும், நான் கூட உட்கார்ந்திருப்பேன்.