பிறைக்குக் கீழே ஒரு புள்ளி

பழைய கத்தியைக் கையில் கொடுத்தால் அது எந்தப் பட்டறையில் அடித்தது, ஏறக்குறைய எப்போது அடித்தது என்று சொல்லிவிடுவேன். ஆம்பூரில் ஷூ கம்பெனி ஒன்றில் கட்டிங் பிரிவில் இருக்கிற எனக்கு இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று என் மனைவி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். இதனால் இதுவரை யாருக்கும் ஒரு நன்மையும் நடந்ததில்லை. தன் வீட்டு அரிவாள் நவாப் காலத்தது என்று நம்பி வருகிறவர்களை முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்ப வைப்பதுதான் நான் செய்யும் சேவை.

போன ஆடியில் எங்கள் தெருக்கோடி அக்கா ஒரு கோணியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தார். அவருடைய கணவர் டேனரியில் தோல் சீவியவர். பல வருடங்களுக்கு முன் வேலை செய்த இடத்திலேயே நெஞ்சு வலியில் விழுந்து இறந்துபோனார். காரியத்தன்று அவருடைய துணிமணி, செருப்பு, பாய் எல்லாவற்றையும் வழக்கப்படி பாலாற்றில் போட்டுவிட்டார்கள். அவர் தொட்ட பொருள் என்று வீட்டில் எதுவும் மிஞ்சவில்லை. கத்தி மட்டும் தப்பியிருக்க வழியுண்டு. நாற்றத்துக்குப் பயந்து தோல் கத்தியை எங்கள் பக்கம் வீட்டுக்குக் கொண்டுவரமாட்டார்கள். அவரவர் நிற்கிற இடத்துக்கு மேலே, சுவர்ப் பொந்தில் செருகிவிட்டு வருவார்கள்.

அந்த டேனரி மூடிக் கிடந்தது, இப்போது அதை இடித்துவிட்டார்கள். இடிப்பதற்கு முன் வாட்ச்மேன் பொந்தில் இருந்ததை எடுத்து அக்காவிடம் கொடுத்திருக்கிறார்.

"அவரு நிக்கிற எடத்துக்கு நேர் மேல இருந்துச்சாம் தம்பி. எங்க ஊட்டுக்காரரோடதுதானே? பார்த்துச் சொல்லு."

கோணியைப் பிரித்தேன். இரண்டு பக்கமும் பிடி வைத்து வளைந்த கத்தி. லாரியின் ஸ்பிரிங் பட்டையில் அடித்தது. பிடியை ஒட்டிய துருவை விரலால் தேய்த்ததும் பிறை முத்திரை தெரிந்தது. பஜார் ஆசாரியின் பட்டறை. எனக்கே சந்தோஷமாக இருந்தது. இன்னும் கொஞ்சம் தேய்த்தேன். பிறைக்குக் கீழே ஒரு புள்ளி இருந்தது.

பெரிய ஆசாரி வெறும் பிறை மட்டும்தான் குத்துவார். அவர் காலமான பிறகு பட்டறையை நடத்திய மகன், அப்பாவின் முத்திரையை விடவும் மனமில்லாமல், அப்படியே போடவும் கூசி, கீழே ஒரு புள்ளி சேர்த்துக்கொண்டார்.

"அக்கா, அண்ணன் தவறினப்ப பெரிய ஆசாரி இருந்தாரா?" இல்லையென்று சொல்லிவிட வேண்டுமே என்று வேண்டிக்கொண்டே கேட்டேன்.

"இன்னா இப்படிக் கேக்குற? அவருதானே மொத மாலை போட்டாரு. அப்புறமும் ரொம்ப வருசம் இருந்தாரே."

பொய் வாய் வரைக்கும் வந்தது. ஆனால் என் முகத்திலேயே எல்லாம் தெரிந்துவிட்டது போலிருக்கிறது, அக்கா கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டேன். கத்தி பெரிய ஆசாரிக்கும் பிறகு அடித்தது, அண்ணனுக்குப் பிறகு அதே இடத்தில் வேறு யாரோ நின்றிருக்கிறார், இது அவருடைய கத்தி என்று.

"அப்ப அவரோடது?"

"அடுத்து வந்தவரு எடுத்துப் போட்டிருப்பாருக்கா. பழைய இரும்போட போயிருக்கும்."

அவர் அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை. "துருவா கீது. சரியாத் தெரியாது. இன்னொரு வாட்டி பாரு தம்பி" என்றார். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இந்தக் கத்திப் பைத்தியத்தின் மேல் எனக்கு அன்றைக்கு வந்த வெறுப்பு இன்னும் போகவில்லை.

"இது எனக்கு வேணாம்பா" என்று கோணியை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டார். "அங்க இப்ப செவுருகூட இல்ல. நான் வேற எங்க போய்த் தேடுறது?" என்று கேட்டுக்கொண்டே கோணியைக் கக்கத்தில் இடுக்கிப் படியிறங்கினார்.