பொட்டில் ஒட்டிய லென்ஸ்

பூச்சிகளைப் பெரிதாகப் படம் எடுக்க லென்ஸ் வேண்டும் என்று கேட்கிறீர்கள், பிள்ளைகளே. உங்கள் வயதில் எனக்கும் அந்த ஆசை வந்தது. செலவில்லாமல் அதை எப்படிச் செய்தேன் என்று சொல்கிறேன். கூடவே நடந்த இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும்.

அப்போது நாங்கள் வடக்கே ஆகுர்டி என்ற தொழிற்பேட்டை ஊரில் ஒற்றை அறை வீட்டில் இருந்தோம். அப்பாவுக்கு ஒரு வண்டி உதிரிபாகக் கம்பெனியில் கிரைண்டிங் மெஷினில் வேலை. ஒப்பந்தத் தொழிலாளி. அவரிடம் பழைய கேமரா போன் ஒன்று இருந்தது. சிடி பிளேயருக்குள் பட்டாணியைவிடச் சின்னதாக ஒரு லென்ஸ் இருக்கும், அதைப் போன் கேமராவின் மேல் வைத்தால் எறும்புகூட யானையாகத் தெரியும் என்று என்னோடு படித்த ஒருவன் சொன்னான். எங்கள் வீட்டில் சிடி பிளேயர் இருந்தது. நன்றாகப் பாடிக்கொண்டும் இருந்தது. அதுதான் சிக்கல்.

ஒரு வியாழக்கிழமை. கம்பெனிக்கு வார விடுமுறை. அம்மா மண்டிக்குக் காய் வாங்கப் போயிருந்தாள், அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். நான் பிளேயரைக் கழற்றி லென்ஸைப் பிடுங்கினேன். அம்மாவின் பெரிய ஸ்டிக்கர் பொட்டின் நடுவே ஓட்டை போட்டு, லென்ஸைப் பொருத்தி, போனில் ஒட்டினேன். ஒரு விரல் அகலத்துக்கு நெருங்கிப் போனால்தான் படம் தெளியும். நெருங்கினால் ஈ பறந்தது, எறும்பு ஓடியது. கடைசியில் சர்க்கரையில் மெய்மறந்திருந்த ஒரு கட்டெறும்புதான் மாட்டியது.

"அரே, பாட்டுப் பெட்டியை என்னடா பண்ணித் தொலைச்ச?"

அப்பா பின்னால் நின்றார். அடி விழுவதற்குள் படத்தை நீட்டினேன். போனை இடது பக்கமாகச் சாய்த்துப் பார்த்தார்.

"இவனுக்குக் காலெல்லாம் முடியா! உன் மாமனைவிட மோசம்டா" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "என் வலது கண்ணை இப்படி எடு பார்ப்போம். மெஷின்ல ஒரு தூசி தெறிச்சுது. ஒரு மாசமா உறுத்துது."

அவரே இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டார். நான் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, "இமைக்காதீங்கப்பா" என்றேன். லென்ஸ் இமை முடியைத் தொடுமளவு போனேன். அவர் அசையவில்லை. அதுவரை நான் எடுத்ததிலேயே தெளிவான படம் அதுதான். கருவிழியில் இரும்புத் துரு நிறத்தில் ஒரு புள்ளி, அதைச் சுற்றி ஒரு வளையம். எனக்கு அழகாக இருந்தது.

அப்பா வெகுநேரம் பார்த்தார்.

"இதை அம்மாகிட்ட காட்டாதே. ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போவா, விஷயம் கம்பெனிக்குப் போயிடும். பெர்மனென்ட் லிஸ்ட் வர்ற நேரம். கண்ணுல கோளாறுன்னா என் பேரை அடிச்சிடுவான்."

"அப்ப சிடி பிளேயர்?"

"நான்தான் கீழ போட்டு உடைச்சேன்னு சொல்லிக்கிறேன். சரியா?"

தலையாட்டினேன். அப்பாடா என்றிருந்தது. தப்பித்தது நான்தான் என்று நினைத்துக்கொண்டேன். அன்று அம்மா அவரைத் திட்டியபோது, திருட்டுத்தனமாக என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

பெர்மனென்ட் லிஸ்டில் அப்பாவின் பேர் இல்லை. மழைக்காலத்தில் ஒருநாள், சைக்கிளில் போனவரை வலப்பக்கமாக வந்த ஆட்டோ இடித்தது. கால் எலும்பு கூடிவிட்டது. ஆனால் ஆஸ்பத்திரியில் டாக்டர் வலது கண்ணைப் பார்த்துவிட்டு, "எத்தனை மாசமா இப்படி?" என்று ஹிந்தியில் கேட்டார். உள்ளே போன இரும்புத் துணுக்கு துருப்பிடித்துக் கண்ணையே தின்றுவிட்டதாம். சீக்கிரம் வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாமாம்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். "உனக்குத் தெரியுமாடா?"

தெரியாது என்றேன். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்குப் பெருமைகூட இருந்தது.

லென்ஸ் செய்து தருகிறேன், பிள்ளைகளே. எடுத்த படத்தையெல்லாம் என்னிடம் காட்டுங்கள். லென்ஸ் வருவதைப் பார்த்து ஈ பறந்தது, எறும்பு ஓடியது. அப்பாவின் கண் மட்டும் ஏன் இமைக்காமல் இருந்தது என்று அன்று நான் கேட்கவில்லை. படம் ஆடாமல் வந்ததே என்றுதான் குதித்தேன்.