கை தூக்கினால் நிற்க வேண்டும்

ஜனா லிஃப்ட் திருத்துகிறவன். வெள்ளவத்தையில் கடற்கரை ரயில் பாதைக்கும் காலி வீதி என்ற பெருந்தெருவுக்கும் இடையில் எழும்பியிருக்கும் மாடிக் கட்டடங்களில் பாதிக்கு மேல் அவன் கை பட்டவை என்று அவனுடைய அக்கா சுபோதினி சொல்லுவாள். கேட்கிறவர் சற்றுச் சந்தேகமாகப் பார்த்தால், ஒழுங்கை ஒழுங்கையாகக் கட்டடங்களின் பெயரைச் சொல்லத் தொடங்கிவிடுவாள்.

லிஃப்டின் மோட்டார் அறை மொட்டைமாடியில் இருக்கும். அங்கே வேலைக்கு ஏறியபோதுதான் அவனுக்குப் பறவைப் பைத்தியம் பிடித்தது. தண்ணீர்த் தாங்கியின் மேல் ஒரு செம்பருந்து குந்தியிருந்து மீனைக் கிழித்துத் தின்பதை ஒரு நாள் கண்டான். அதற்குப் பிறகு மத்தியானச் சோற்றுப் பார்சலை அவன் கீழே வந்து பிரித்ததில்லை. மேலேயே இருந்து, சாப்பிட்டபடி வானத்தைப் பார்ப்பான். பிறகு தொலைநோக்கி வாங்கினான். பிறகு ஆட்கள் சேர்ந்தார்கள். இப்போது பௌர்ணமிப் போயா விடுமுறை வந்தால் ஒரு வேன் நிறைய ஆட்கள் அவன் பின்னால் போகிறார்கள். அவர்களில் டாக்டர் இருக்கிறார், வங்கி மேலாளர் இருக்கிறார். எல்லோரும் அவன் சொல்லுக்கு நிற்பார்கள் என்பதில் சுபோதினிக்கு உள்ளூரப் பெருமை.

பயம் முழுவதும் அவளுடைய பங்காக வந்துவிட்டது. தம்பி திருத்திய லிஃப்டாக இருந்தாலும் அவள் படியில்தான் ஏறுவாள். அவர்கள் பறவை பார்க்கப் போகும் அத்திடிய சதுப்பில் முதலை கண்டதாக யாரோ சொல்லக் கேட்ட நாளிலிருந்து அவளுக்கு நித்திரை இல்லை. அவனை மறிக்க முடியாது என்று தெரியும். அதனால் அடுத்த போயாவுக்குத் தானும் வருவதாகச் சொல்லி, இடியப்பமும் சம்பலும் கட்டிக்கொண்டு விடியவே வேனில் ஏறிவிட்டாள்.

"முதலை ஈக்கிது தான் அக்கா," என்றார் பக்கத்தில் இருந்த ஹஸன். காலி வீதியில் புடைவைக் கடை வைத்திருப்பவர். "ஆனா அதுக்கும் இண்டைக்குப் போயா லீவு."

வேன் சிரித்தது. சுபோதினி சிரிக்கவில்லை.

இறங்கியதும் ஜனா எல்லோரையும் அணைக்கட்டில் நிறுத்திக் கதைத்தான். அணைக்கட்டை விட்டு ஒருவரும் இறங்கக் கூடாது. பச்சையாகத் தெரிவதெல்லாம் தரை இல்லை. மேலே பாசி, கீழே சேறு. போன்களை நிறுத்திவிட வேண்டும். முன்னால் போகிறவர் கையைத் தூக்கினால் பறவை நிற்கிறது என்று அர்த்தம். அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். மூச்சுச் சத்தமும் கேட்கக் கூடாது.

முதல் ஒரு மணித்தியாலம் நன்றாகத்தான் போனது. ஊதா நிறத் தாழைக்கோழிகள் சிவந்த கால்களால் இலைகளை மிதித்து நடந்தன. ஜனா தன் பழைய தொலைநோக்கியை அக்காவின் கழுத்தில் மாட்டி, மீன்கொத்தி ஒன்றைக் காட்டினான். அந்த நீலத்தைப் பார்த்த கணத்தில் அவள் முதலையை மறந்துபோனாள். பிறகு மழை பிடித்தது. குடை போதவில்லை. கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த ஷெல்டன் தன் பெரிய கமராவைக் குழந்தையைப் போல மழைக்கோட்டுக்குள் அணைத்துக்கொண்டு, தான் நனைந்தான். அவசரத்தில் யாரோ காலை வைத்துச் சம்பலைக் கொட்டினார்கள். இடியப்பத்தை வெறுமனே தின்றார்கள்.

மழை விட்டதும், "நீங்க சாப்பிடுங்கோ, நான் முன்னுக்குப் போய்ப் பாத்திட்டு வாறன்," என்று ஜனா தனியாக நடந்தான். வளைவில் நாணல் அவனை மறைத்தது.

அவன் திரும்பி வரவில்லை. சுபோதினி இரண்டு தரம் எழுந்து பார்த்தாள். மூன்றாம் தரம் எழுந்தபோது மற்றவர்களும் பைகளை எடுத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினார்கள். வளைவைத் தாண்டியதும் முன்னால் போன ஹஸன் சட்டென்று நின்றார்.

தூரத்தில், அணைக்கட்டுக்கு அப்பால், நாணலுக்குள் ஜனாவின் தலையும் தோளும் தெரிந்தன. அவனுடைய வலது கை உயர்ந்திருந்தது.

எல்லோரும் அந்தந்த இடத்தில் நின்றார்கள். ஷெல்டன் சத்தமில்லாமல் முக்காலியை விரித்துக் கமராவைப் பூட்டினான். தொலைநோக்கிகள் எல்லாம் ஜனாவுக்கு முன்னால் இருந்த நாணலைத் தேடின.

"என்ன குருவி?" என்று ஹஸன் காற்றோடு கேட்டார்.

"தெரியல்ல. பெரிய சாமானாத்தான் இருக்கணும். குந்திக்கொண்டு பாக்கிறாரே," என்றான் ஷெல்டன்.

சுபோதினியும் தொலைநோக்கியைத் தூக்கினாள். அவளுக்குக் குருவி தேடத் தெரியாது. தம்பியைத் தேடினாள். கலங்கிய வட்டம் மெல்லத் தெளிந்து அவன் முகம் வந்தது. உதடு வெளுத்திருந்தது. கண் நேரே அவர்களைப் பார்த்தது.

ஓரடி எடுத்து வைத்தாள்.

"அக்கா, அசையாதீங்க. பறந்துரும்," என்று ஹஸன் கையால் மறித்தார்.

"அவன் குருவியைப் பாக்கேல்ல. எங்களைப் பாக்கிறான்."

அவள் ஓடினாள். வழுக்குகிற மண்ணில், செருப்பு ஒரு பக்கம் கழன்று போக, ஓடினாள். கிட்டப் போனபோதுதான் விளங்கியது. அவன் குந்தியிருக்கவில்லை. நெஞ்சு வரை சேற்றுக்குள் நின்றான்.

"அக்கா, அதிலயே நில்லுங்கோ." லிஃப்டுக்குள் அகப்பட்டவர்களோடு கதவுக்கு வெளியே நின்று கதைப்பானே, அந்தக் குரல். ஆனால் உதடு அசையவில்லை. "சத்தம் போடாதேங்கோ. என்ர வலப்பக்கம் பாக்காதேங்கோ."

அவள் பார்த்தாள். பாசிக்கு நடுவில் இரண்டு கண்கள் இருந்தன. அவற்றுக்குப் பின்னால், மரக்கட்டை என்று நினைக்கக்கூடிய முதுகு. அவனுக்கும் அதற்கும் இடையில் ஒரு கட்டில் அகலம் இருக்கும்.

கத்த வேண்டும் போலிருந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பின்னால் வந்து சேர்ந்த ஹஸன் அதைக் கண்டதும் அவளுக்குப் பக்கத்தில் நெஞ்சோடு படுத்துவிட்டார். கை நீட்டிப் பார்த்தார். எட்டவில்லை.

"ஷெல்டன், அந்த ஸ்டாண்டைத் தாங்க."

"இருங்க, கமராவைக் கழட்டிட்டு..."

"கமராவோட தா," என்றாள் சுபோதினி. தன் குரலா அது என்று அவளுக்கே தெரியவில்லை.

அவன் கழற்றித்தான் கொடுத்தான், ஆனால் கழற்றிய கமராவைச் சேற்றில் போட்டுவிட்டு வந்தான். முக்காலியின் கால்களை முழுவதும் நீட்டி, பைகளின் வார்களை அதில் முடிந்து, பாசியின் மேல் மெதுவாகத் தள்ளினார்கள். ஜனா உயர்த்தியிருந்த கையை அங்குலம் அங்குலமாக இறக்கி அதைப் பிடித்தான்.

அப்போது அந்தக் கண்கள் தண்ணீருக்குள் இறங்கின.

பாசி மூடிக்கொண்டது. ஒரு வளையம்கூட இல்லை. எந்தப் பக்கம் போகிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. சுபோதினிக்குக் காது இரைந்தது. அந்தக் கண்கள் வெளியே தெரிந்தவரை ஒரு கணக்கு இருந்தது; இப்போது சதுப்பு முழுவதும் முதலையாக இருந்தது.

"இழுங்கோ," என்றான் ஜனா. இப்போது அது அந்தக் குரல் இல்லை. சின்ன வயதில் கிணற்றடியில் பாம்பைக் கண்டு அவளைக் கூப்பிட்ட குரல்.

இழுத்தார்கள். சேறு விடவில்லை. டாக்டரும் வந்து ஹஸனின் இடுப்பைப் பிடித்தார். வார் ஒன்று அறுந்தது. சுபோதினி பாசிக்குள் முழங்கை வரை கைவிட்டு அவன் மணிக்கட்டை எட்டிப் பிடித்தாள். அவள் தோள் கழன்றது போல வலித்தது. நாணல் எங்கோ சரசரத்தது. பிறகு சேறு பெரிய சத்தத்தோடு அவனை விட்டது. சப்பாத்து இரண்டும் உள்ளேயே நின்றுவிட்டன.

அணைக்கட்டில் கிடந்தவனை டாக்டர் தடவித் தடவிப் பார்த்தார். ஒரு கீறலும் இல்லை. நாணல் மட்டும் ஆடியது. அந்த இடத்தை எல்லோரும் பார்த்துக்கொண்டே பின்பக்கமாக நடந்தார்கள்.

வேன் நுகேகொடை நெரிசலில் நின்றபோது ஹஸன் மெல்லத் திரும்பினார்.

"ஜனா, கேக்கக் கூடாதுதான். அதுல உண்மையிலேயே ஒரு குருவியும் இல்லியா?"

"முதல்ல இருந்தது. கருங்குருகு. அக்காவுக்குக் காட்டலாம் எண்டு கிட்டப் போனனான். புல் எண்டு நினைச்சுக் காலை வைச்சிட்டன்."

"எங்களுக்கு இறங்காதேங்கோ எண்டு சொல்லிப்போட்டு," என்றாள் சுபோதினி.

ஷெல்டன் மடியில் கிடந்த கமராவின் சேற்றைச் சட்டை நுனியால் துடைத்தபடி வெளியே பார்த்தான்.

அவளுடைய கை இன்னும் தம்பியின் மணிக்கட்டில் இருந்தது. சேறு காய்ந்து இரண்டு தோலையும் ஒட்டியிருந்தது.

"அக்கா, கையை விடுங்கோ. எல்லாரும் பாக்கினம்."

"பாக்கட்டும்."

விட வேண்டும் என்று அவளும் நினைத்தாள். விரல்கள் விரியவில்லை.