பாயில் ஒரு பாதி

அக்காளுக்கு மகன் பிறந்தபோது நாங்கள் சிராங்கூன் ரோட்டில் ஒரு கடைவீட்டின் மாடியில் குடியிருந்தோம். அத்தானுக்குக் காலையில் மாவு மில்லில் வேலை, இரவில் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் காவல். இடையில் கிடைத்த மதியம்தான் அவர் தூங்கும் நேரம். பிள்ளையோடு இருக்கும் நேரமும் அது ஒன்றுதான்.

உத்தரத்தில் ஸ்பிரிங் மாட்டி, சாரோங் துணியில் தொட்டில் கட்டியிருந்தோம். அத்தான் அதன் கயிற்றைக் கால் கட்டைவிரலில் சுற்றிக்கொண்டு கீழே படுப்பார். அயர்ந்து தூங்கினாலும் கால் மட்டும் ஆடிக்கொண்டே இருக்கும். "தூங்கிட்டே வேலை பாக்குற ஆளு இவரு ஒருத்தர்தான்" என்பாள் அக்காள்.

பையனுக்கு முதலில் நின்றது காலைத் தூக்கம். யாரும் கவலைப்படவில்லை; அப்போது அத்தான் மில்லில் இருப்பார். நடக்க ஆரம்பித்ததும் தொட்டிலை அவிழ்த்தோம். பையன் அப்பாவின் பாயிலேயே, அவர் வயிற்றின்மேல் ஒரு காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு தூங்கினான். இரண்டரை வயதுக்குமேல் அந்தத் தூக்கமும் தேய்ந்தது. புரளுவான், அப்பாவின் மீசையை இழுப்பான், எழுந்து ஓடுவான். ஒரு நாள் தூங்கினால் அடுத்த நாள் மாட்டான்.

நான் அப்போதுதான் ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்திருந்தேன். காலை வகுப்பில் கேட்டதை மதியம் வீட்டில் ஒப்பிக்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

"மூணு வயசாச்சு அத்தான். சில பிள்ளைங்களுக்கு இனிமே பகல் தூக்கமே வேணாம். வம்பா படுக்கப் போட்டா ராத்திரிதான் கெடும்."

"அவனுக்கு வேணாம்லா," என்றார் அத்தான், பாயை உதறிப் போட்டபடி. "எனக்கு?"

தூக்கம் போதவில்லை என்கிறார் என்று நினைத்துவிட்டேன். "நீங்க நிம்மதியாத் தூங்குங்க, இவனை நான் பாத்துக்கிறேன்" என்று பையனை ஜன்னலுக்கு இழுத்துப் போனேன். கீழே மின்கம்பியைத் தொட்டபடி ஓடும் டிராலி பஸ்கள். மேலே கம்பியில் பொறி பறந்தால் அவனுக்குக் கொண்டாட்டம். எனக்கும்தான்.

அதுவே தினசரி வழக்கமானது. ஒரு மதியம் அத்தான் பாயில் படுத்தபடி கூப்பிட்டார்.

"வாடா தங்கம், அப்பாகூடக் கொஞ்ச நேரம்."

பையன் ஜன்னலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு பெரிய மனுஷன்போலப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் நெஞ்சில் தட்டத் தொடங்கினான்.

"நீ தூங்குப்பா. நீ தூங்குனப்புறம் நான் போறேன்."

அத்தான் கண்களை மூடிக்கொண்டார். சற்று நேரத்தில் குறட்டையும் விட்டார். அவருடைய நிஜக் குறட்டை எனக்குத் தெரியும்; இது அதுவல்ல.

பையன் நுனிக்காலில் எழுந்து வந்தான். "சித்தி, அப்பா தூங்கிருச்சு" என்று கிசுகிசுத்துவிட்டு ஜன்னல் கம்பியில் தொற்றிக்கொண்டான்.

அத்தான் குறட்டையை நிறுத்தினார். கண்ணைத் திறக்காமல் கையை நீட்டி, பையன் உட்கார்ந்திருந்த இடத்தில் வைத்துக்கொண்டார்.

அவனைத் திரும்பக் கூப்பிடலாம் என்று வாய்வரை வந்தது. என்ன சொல்லிக் கூப்பிடுவது? அவனுக்குத்தான் தூக்கமே வரவில்லையே.